குமிழும் கப்பியும்

லேத்தில் வேகம் இரண்டு விதமாக அளக்கப்படுகிறது. வேலைத்துண்டைக் கவ்விச் சுற்றும் சக் நிமிடத்துக்கு எத்தனை தரம் சுற்றுகிறது என்பது ஓர் அளவு. சுற்றும் உலோகத்தின் மேற்பரப்பு டூலின் முனையைக் கடந்து நிமிடத்துக்கு எத்தனை மீற்றர் ஓடுகிறது என்பது இன்னோர் அளவு. டூல் அறிவது இரண்டாவதை மட்டுந்தான். ஹைஸ்பீட் ஸ்டீல் டூலால் மெல்லுருக்கைக் கடைய நிமிடத்துக்கு 25 மீற்றர் அளவு பொருந்தும், வார்ப்பிரும்புக்கு 20, பித்தளையை 60இலும் தாராளமாகக் கடையலாம். இந்த மீற்றர்க் கணக்கை 318ஆல் பெருக்கி, வேலைத்துண்டின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து வகுத்தால் சக்கின் சுற்று எண்ணிக்கை கிடைத்துவிடும். 6 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பிக்கு 3180 சுற்று. 25 மில்லிமீற்றர் உருக்குத் தண்டுக்கு 318. 100 மில்லிமீற்றர் வார்ப்பிரும்புத் தட்டுக்கு 64. ஒரே மேசையில், ஒரே பின்னேரத்தில் இந்த மூன்று வேலையும் வந்து சேரலாம். முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே ஏறக்குறைய 50 மடங்கு இடைவெளி.

இந்த இடைவெளியைப் பொருட்படுத்தாவிட்டால் முதலில் அடிபடுவது டூல். அமெரிக்கரான பிரெடரிக் டெய்லர் உருக்காலைகளில் 26 வருடங்கள் உலோகத்தைச் சீவிச் சீவிப் பார்த்து, 1906இல் தன் முடிவுகளை வெளியிட்டார். டூலின் ஆயுளுக்கும் வேகத்துக்கும் அவர் கண்ட உறவு இரக்கமற்றது. ஹைஸ்பீட் ஸ்டீலில் வேகத்தைப் பத்து வீதம் கூட்டினால் கூர் தாங்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆகவே சரியான வேகத்துக்குக் கிட்டத்தட்ட வந்தால் போதும் என்ற எண்ணம், டூல் தீட்டும் கல்லின் முன்னால்தான் நேரத்தைச் செலவழிக்க வைக்கும்.

சிறு லேத்களைச் செய்தவர்கள் இதற்குக் கண்ட வழி படிக் கப்பி. மோட்டர் பக்கம் ஒரு கப்பி, சக்கைச் சுற்றும் ஸ்பிண்டிலில் அதற்குத் தலைகீழான இன்னொன்று. பெல்ட்டைப் படி மாற்றிப் போட்டால் வேகம் மாறும். அதோடு பேக் கியரும் இருந்தால் கீழ்ப்பக்கம் இன்னொரு தொகுதி வேகங்கள் சேரும். 1946இல் இங்கிலாந்தில் வெளிவந்து, உலகம் முழுவதும் வீட்டுப் பட்டறைகளுக்குள் புகுந்த மைஃபோர்ட் எம்.எல்.7இல் பெல்ட்டுக்கு மூன்று, பேக் கியரோடு மூன்று என ஆறு வேகங்கள். கணக்கில் இது போதும். பட்டறையில் நடப்பது வேறு. மூடியைத் திறந்து, இழுவையைத் தளர்த்தி, எண்ணெய்க் கையோடு பெல்ட்டை நகர்த்தி, மறுபடி இறுக்கி மூடியைப் போட வேண்டும். இதற்குப் பஞ்சிப்பட்டு, நடுப் படியில் விழுந்த பெல்ட் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பெரிய விட்டம் வந்தால் டூல் எரியும். சின்ன விட்டம் வந்தால் மேற்பரப்பு கிழிந்து வரும். குமிழைத் திருப்பி வேகம் மாற்றும் மோட்டருக்கான ஆசை இங்கேதான் பிறக்கிறது. பஞ்சியில் பிறந்த ஆசை என்பதற்காக அது பிழையான ஆசை ஆகிவிடாது.

கொழும்பில் இப்படியான லேத் இருக்கக்கூடிய இடங்களை ஊகிப்பது கஷ்டமில்லை. கடிகாரம் திருத்துகிறவரின் மேசை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வீடொன்றின் பின்கட்டு, காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை நெருக்கியடித்து நிற்கும் தொடர்மாடிகளில் ஏதோவொரு பல்கனி. பல்கனிக்கு ஏறுவது பெரும்பாலும் 40 கிலோ அளவிலான சீனத்து மினி லேத். இரண்டு பேர் பிடித்தால் மின்தூக்கி இல்லாமலே மூன்றாம் மாடிக்குப் போய்விடும். மைஃபோர்ட் போன்ற பழைய ஆங்கிலேய இயந்திரங்களுக்கு நிலத்தோடு ஒட்டிய அறை வேண்டும். இரண்டுக்கும் பொதுவானது சுவரில் உள்ள செருகி: 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், சிங்கிள் பேஸ்.

மோட்டரின் வேகத்தை உண்மையில் தீர்மானிப்பது லேத் சொந்தக்காரர் அல்ல, மின்சார சபை. சாதாரணத் தூண்டல் மோட்டருக்குள் சுழலும் காந்தப்புலம் மின்சாரத்தின் மீடிறனுக்குக் கட்டுப்பட்டது. 50 ஹேர்ட்ஸில் நான்கு முனைவு மோட்டரின் புலம் நிமிடத்துக்கு 1500 தரம் சுற்றும். சுழலி அதற்குச் சற்றுப் பின்தங்கி 1440 அளவில் ஓடும். இரண்டு முனைவு என்றால் 2850 அளவு. நாடெங்கும் ஒரே மின்வலை, ஒரே மீடிறன். அதனால் யாழ்ப்பாணத்து அரிசி ஆலை மோட்டரும் கொள்ளுப்பிட்டிப் பல்கனி மோட்டரும் கிட்டத்தட்ட ஒரே கதியில் ஓடுகின்றன. வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் மீடிறனை மாற்ற வேண்டும். நீண்ட காலம் அது எந்த வீட்டுக்காரரின் கைக்கும் எட்டாத காரியமாக இருந்தது.

குறுக்குவழி தேடுகிறவர்கள் முதலில் கை வைப்பது விசிறி ரெகுலேட்டரில். கூரை விசிறியும் சிங்கிள் பேஸ் தூண்டல் மோட்டர்தானே, அது குறைகிறதே, லேத் ஏன் குறையாது என்ற கேள்வி நியாயமானதுதான். பதில் சுமையில் இருக்கிறது. ரெகுலேட்டர் செய்வது மோட்டருக்குப் போகும் வோல்ட்டைக் குறைப்பது மட்டுமே. வோல்ட் பாதியானால் மோட்டரின் முறுக்கம் நாலில் ஒன்றாகும். விசிறி மெதுவாகச் சுற்றினால் காற்றின் எதிர்ப்பும் மளமளவெனக் குறைந்துவிடுவதால் அந்த நோஞ்சான் முறுக்கம் அதற்குப் போதும். லேத்தில் டூல் இரும்பில் பதிந்தவுடன் எதிர்ப்பு குறைவதில்லை. மோட்டர் பின்தங்கும், கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், சூடேறும். அதோடு, லேத்துக்கான சிங்கிள் பேஸ் மோட்டர்கள் பலவற்றில் தொடக்கச் சுற்றைத் துண்டிக்க ஒரு மையநீக்கச் சுவிட்ச் இருக்கிறது. வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்தச் சுவிட்ச் மறுபடி மூடிக்கொள்ளும். சில செக்கன்களுக்கென்று சுற்றப்பட்ட மெல்லிய கம்பி நிமிடக்கணக்கில் மின்னைத் தாங்கும்படி ஆகும். கண்டென்சர் வெடிப்பதும் வைண்டிங் கருகுவதும் அதற்குப் பிறகு நேரத்தைப் பொறுத்த விடயம். ரெகுலேட்டர் விற்கிற கடைக்கும் மோட்டர் வைண்டிங் கட்டுகிற கடைக்கும் இந்த வகையில் நல்ல தொடர்பு உண்டு.

மீடிறனை மாற்றும் பெட்டியைப் பட்டறைக்காரர்கள் இன்வேர்ட்டர் என்றும் வி.எஃப்.டி. என்றும் சொல்கிறார்கள். அது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை முதலில் 325 வோல்ட் அளவிலான நேர்மின்னாக்கி, பெரிய கொள்ளளவிகளில் நிரப்பி வைக்கும். பிறகு ஆறு மின்னணுச் சுவிட்சுகள் அதைச் செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை நறுக்கி, மூன்று அவத்தைகளாக, கேட்ட மீடிறனில் வெளியே அனுப்பும். சிங்கிள் பேஸ் வீட்டில் த்ரீ பேஸ் மோட்டர் ஓடுவது இதனாலேதான். குமிழைத் திருப்பினால் 50 ஹேர்ட்ஸ் 20 ஆகிறது, 80 ஆகிறது. மின்சார சபையின் மீடிறனிலிருந்து அந்த ஒரு மோட்டர் மட்டும் விடுபட்டுவிடுகிறது. மீடிறனோடு வோல்ட்டும் அதே விகிதத்தில் இறங்குவதால் முறுக்கம் குறையாமல் நிற்கும்; விசிறி ரெகுலேட்டருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இலங்கையில் இந்தப் பெட்டிகள் நன்றாக அறியப்பட்ட ஓரிடம் மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே நீண்ட காலம் ஒரே எஞ்சினோ நீர்ச்சுழலியோ கூரையோரம் ஓடிய ஒரு நெடுந்தண்டைச் சுற்றியது. அதிலிருந்து இறங்கிய தட்டைப் பெல்ட்டுகள் இயந்திரங்களை இழுத்தன. பின்னர் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டர் வந்தது. அதற்கும் பின்னர், கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறிகளுக்கு இன்வேர்ட்டர் வந்தது. விசிறி கேட்கும் வலு வேகத்தின் முப்படியாகப் போவதால், வேகத்தை 80 வீதமாக்கினால் வலு 51 வீதமாக விழும். மின் கட்டணத்தில் அது வெளிச்சமாகத் தெரியும். இன்வேர்ட்டரின் புகழில் பெரும்பங்கு இப்படி விசிறியும் பம்பும் தேடிக் கொடுத்தது.

லேத் கேட்பது இதற்கு நேர் எதிரானது. விசிறிக்கு மெதுவான வேகத்தில் வேலை குறைவு. லேத்துக்கு மெதுவான வேகம் என்றாலே பெரிய விட்டம். பெரிய விட்டம் என்றால் நெம்புகோல் நீளம். அங்கேதான் அதற்கு மிகக் கூடிய முறுக்கம் வேண்டும். இன்வேர்ட்டரோ 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே முறுக்கத்தை அப்படியே வைத்திருக்குமே தவிரக் கூட்டித் தராது. முறுக்கம் மாறாமல் வேகம் மட்டும் விழுந்தால் வலுவும் கூடவே விழுகிறது. மோட்டரை மாற்றிவிட்டுக் குமிழைத் திருப்பிப் பார்த்து மகிழ்ந்தவர், முதல் கனமான வெட்டில் சக் நின்றுவிடும்போது காணும் உண்மை இது.

எண்களில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. 750 வாட், 1440 சுற்று மோட்டர் ஒன்றின் முறுக்கம் 5 நியூட்டன் மீற்றர். 50 மில்லிமீற்றர் உருக்குத் தண்டைக் கடைய சக் 160இல் சுற்ற வேண்டும். கப்பியும் பேக் கியரும் சேர்ந்து ஒன்பதுக்கு ஒன்றாகக் குறைத்து இதைத் தந்தால், உராய்வில் போவதை விட்டுவிட்டுப் பார்க்க, சக்கில் 45 நியூட்டன் மீற்றர் இருக்கும். டூலின் முனையில் அது 1800 நியூட்டன். மாறாக, பெல்ட்டை ஒன்றுக்கு ஒன்று படியில் விட்டுவிட்டு மீடிறனை 5.6 ஹேர்ட்ஸுக்கு இறக்கி அதே 160ஐப் பெற்றால், சக்கில் இருப்பது அதே 5. முனையில் 200 நியூட்டன். 750 வாட் மோட்டர் அப்போது 84 வாட் மோட்டராகத்தான் உழைக்கிறது. மெல்லுருக்கைச் சீவ, வெட்டின் பரப்பில் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றருக்கும் சுமார் 2000 நியூட்டன் வேண்டும். ஆகவே 200 நியூட்டனில் போவது ஒரு மில்லிமீற்றர் ஆழமும், சுற்றுக்குப் பத்தில் ஒரு மில்லிமீற்றர் நகர்வும். முடிப்பு வெட்டுக்கு அது போதும். முரட்டு வெட்டுக்குப் போதாது. மெதுவாக ஓடும்போது தண்டிலுள்ள குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டர் சூடேறுவது இன்னொரு தொல்லை.

எனவே வேக மோட்டர் போடும்போது படிக் கப்பியைக் கழற்றி எறிவதுதான் இந்த மேம்பாட்டில் செய்யக்கூடிய பெரிய பிழை. பெல்ட் ஓரிடத்தில் நிற்க, குமிழ் 25 ஹேர்ட்ஸிலிருந்து 75 வரை அலைந்தால், ஒவ்வொரு படியும் தனக்கு மேலேயும் கீழேயுமாகச் சேர்த்து மூன்று மடங்கு வீச்சைத் தாங்கும். மூன்று படியுள்ள கப்பியில் பெல்ட்டை வாரத்துக்கு ஒருமுறை நகர்த்தினாலே அதிகம். பேக் கியர் இல்லாத லேத்தில், மோட்டருக்கும் கப்பிக்கும் நடுவே இடைத்தண்டு ஒன்றைப் பூட்டி இன்னொரு தரம் குறைத்துக்கொள்வது இதைவிடவும் நல்லது. 50 ஹேர்ட்ஸுக்கு மேலே போகும்போது வோல்ட் கூட வழியில்லாததால் முறுக்கம் தேயும்; ஆனால் அங்கே வேலைத்துண்டு சிறியது, வெட்டும் சிறியது, ஆகையால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

த்ரீ பேஸ் மோட்டரைப் பாவித்ததாக வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் பெயர்த்தகடு. சிறிய மோட்டர்களில் 230/400 வோல்ட் என்று இரண்டு எண்கள் பொறித்திருக்கும். தொழிற்சாலையில் அது 400 வோல்ட்டில் ஸ்டாராகக் கட்டப்பட்டு ஓடியிருக்கும். சிங்கிள் பேஸ் இன்வேர்ட்டர் தரக்கூடியது 230 மட்டுமே, ஆகவே டெல்டாவாக மாற்ற வேண்டும். பக்கத்துப் பெட்டியின் மூடியைத் திறந்தால் இரண்டு வரிசையில் ஆறு பித்தளைத் திருகாணிகள் தெரியும். ஸ்டாரில், ஒரு வரிசையின் மூன்றையும் படுக்கையாக ஓடும் தகடுகள் இணைத்திருக்கும். அவற்றைக் கழற்றி, மேலும் கீழுமாக நிற்கும் திருகாணிகளைச் சோடி சோடியாக இணைக்கும்படி செங்குத்தாகப் போட்டால் டெல்டா. வேலை இவ்வளவுதான். சில மோட்டர்களில் ஆறுக்குப் பதிலாக மூன்று முனைகளே வெளியே வந்திருக்கும். ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள் புதைந்திருக்கும். மோட்டர் கட்டத் தெரிந்தவர் கூட்டைத் திறந்து, முடிச்சைத் தேடி எடுத்து, மூன்று வயரை வெளியே கொண்டுவந்து தருவார். டெல்டாவுக்கு மாற்றாமல் ஓட்டினால் மோட்டர் சுற்றத்தான் செய்யும். முறுக்கம் மூன்றில் ஒன்றாக இருக்கும். குறை எங்கேயென்று தெரியாமல் இன்வேர்ட்டரைத் திட்டிக்கொண்டிருக்க நேரும்.

லேத்தில் ஏற்கெனவே இருக்கும் முன்னோக்கு, பின்னோக்குச் சுவிட்சை இன்வேர்ட்டருக்கும் மோட்டருக்கும் நடுவே விட்டு வைப்பது இன்னொரு வழமையான பிழை. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வழியைத் துண்டித்தால் மின்னணுச் சுவிட்சுகள் பழுதாகலாம். பெட்டியிலிருந்து மோட்டருக்குப் போகும் மூன்று வயரும் இடைமுறியாமல் போக வேண்டும். பழைய சுவிட்சை வீணாக்கத் தேவையில்லை. அதன் தொடுப்புகளை இன்வேர்ட்டரின் தாழ்வோல்ட்டுக் கட்டளை முனைகளோடு இணைத்தால், கை பழகிய நெம்பு அதே இடத்தில் அதே வேலையைச் செய்யும்.

இதுவரை சொன்னது த்ரீ பேஸ் மோட்டரின் வழி. கொழும்புக்குப் பொருத்தமான இன்னொரு வழி ஆடைத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின், 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது முதல் தைப்பு இயந்திரம் இந்த நாட்டின் பிரதான தொழிற்கருவிகளில் ஒன்று. 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைகள் திட்டம் அதைக் கிராமங்களுக்கும் கொண்டுபோனது. பழைய தையல் மேசைகளின் கீழே தொங்கியது கிளச் மோட்டர். தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது முழு வேகத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும். மிதியை அழுத்தினால் கிளச் பிடிக்கும். நாள் முழுவதும் ஓடும் மோட்டரில், ஊசி உண்மையில் இறங்கி ஏறும் நேரம் கொஞ்சம். மிச்சம் வீண் மின்சாரம். அந்த இடத்தைப் பிடித்தது சேவோ மோட்டர்: 550 அல்லது 750 வாட், பிரஷ் இல்லாதது, 230 வோல்ட் சிங்கிள் பேஸில் தன் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வருவது, மிதித்தால் மட்டும் ஓடுவது. வேகம் நிமிடத்துக்குச் சில நூறிலிருந்து 4000க்கு மேல் வரை. சின்ன லேத்துக்கு இது மேலோட்டமாகப் பார்த்தால் அச்சொட்டாகப் பொருந்துகிறது. உடம்பு சிறிது, சத்தம் குறைவு, பெல்ட் போட வாகான கப்பி முன்னதாகவே பூட்டப்பட்டிருக்கிறது, தையல் மெசின் உதிரிப்பாகம் விற்கிற எந்தக் கடையிலும் கேட்டு வாங்கலாம்.

பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. மிதியின் அசைவை ஒரு காந்தமும் உணரியும் வாசிக்கின்றன. மிதிக்குப் பதிலாகக் குமிழ் வேண்டுமென்றால் அந்தக் காந்தத்தைத் தாங்கி நகரும் ஒரு சிறு நெம்பைச் செய்துகொள்ள வேண்டும். அதற்கு லேத்தே உதவும். ஊசி மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று பார்க்கும் வசதியைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் அமைப்புப் பட்டியலில் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சில மாதிரிகள் ஊசியைத் தேடிக்கொண்டு தயங்கும். இவற்றைவிட முக்கியமானது, இது சில செக்கன் ஓடி, நின்று, மறுபடி ஓடுவதற்கென்று செய்யப்பட்ட மோட்டர். ஒரு தண்டை முழு நீளத்துக்குச் சீவும்போது லேத் கால்மணி நேரம் தொடர்ந்து சுமையோடு நிற்கும். உடம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வேலை செய்வதும், ஒரு சின்ன விசிறியைப் பின்னால் பூட்டுவதும் அவசியம். உச்ச வேகம் அதிகம் என்பதால் சக்குக்கு வரும்போது நாலுக்கு ஒன்றாவது குறைக்க வேண்டும். அந்தக் குறைப்பே முறுக்கத்தையும் நாலு மடங்காக்குவதால், தையல் மோட்டர் லேத்தில் எதிர்பார்ப்பதைவிட நன்றாக உழைக்கிறது.

ட்ரெட்மில்லிலிருந்து கழற்றிய நேர்மின் மோட்டரும் இதே குடும்பத்தில் சேரும். அதன் குதிரைவலு என்று ஒட்டியிருக்கும் எண்ணை நம்பக் கூடாது. அது ஒரு கணநேர உச்சம். சீன மினி லேத்களில் பழைய மாதிரிகள் பிரஷ் உள்ள நேர்மின் மோட்டரோடும் வேகக் குமிழோடும்தான் பிறந்தன. அங்கே மேம்பாடு என்பது கூடிய வலுவுள்ள பிரஷ் இல்லாத மோட்டரும், பிளாஸ்டிக் கியருக்குப் பதிலாகப் பெல்ட்டும். குமிழ் உள்ள லேத்துக்குப் பெல்ட் குறைப்பைக் கொண்டுவருவதும், பெல்ட் உள்ள லேத்துக்குக் குமிழைக் கொண்டுவருவதும் இரு பக்கமிருந்தும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன.

குமிழ் கைக்கு வந்ததும் வேலை செய்யும் முறை மாறுகிறது. 100 மில்லிமீற்றர் வார்ப்பிரும்புத் தட்டின் முகத்தைச் சீவுவதை எடுத்துக்கொள்ளலாம். விளிம்பில் 64 சுற்று சரி. டூல் உள்ளே நகர்ந்து பாதி வழி வந்ததும் விட்டம் 50. அங்கே 127 வேண்டும். 25இல் 254. பெல்ட் லேத்தில் இது முடியாத காரியம். விளிம்புக்கு ஏற்ற வேகத்திலேயே நடுவரை போக வேண்டும், நடுவில் மேற்பரப்பு கரடாக வரும். கணினி லேத்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. குமிழ் உள்ள லேத்தில் வலது கை குறுக்குச் சறுக்கியை உருட்ட, இடது கை குமிழை மெல்ல மெல்ல ஏற்றும். எண்ணைப் பார்ப்பதில்லை. சீவலின் நிறத்தையும் சத்தத்தையும் பார்த்தே வேகம் போகிறது. துண்டறுக்கும் டூல் அலறத் தொடங்கும்போது வேகத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் அலறல் அடங்கும். இயந்திரத்தின் இயல்பான அதிர்விலிருந்து வெட்டு விலகிப் போவதால் நடப்பது அது. பெல்ட்டின் அடுத்த படி அதற்கு எப்போதும் தூரம் அதிகம். மூன்று அவத்தை மோட்டரின் முறுக்கம் ஒரே சீராக வருவது கூடுதல் லாபம். சிங்கிள் பேஸ் மோட்டர் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். அந்தத் துடிப்பு மெல்லிய முடிப்பு வெட்டில் சிலவேளை நிழல் கோடுகளாகப் பதிந்திருக்கும்.

மேல் எல்லையை மோட்டர் தீர்மானிப்பதில்லை. 100 ஹேர்ட்ஸ் கொடுத்தால் எந்த மோட்டரும் இரட்டிப்பாகச் சுற்றும். சக்கின் முகத்தில் பொறித்த உச்ச வேகமும் ஸ்பிண்டிலின் பேரிங்கும் அதற்கு இணங்குமா என்பதுதான் கேள்வி. வெள்ளை உலோக பேரிங் போட்ட பழைய எம்.எல்.7இல் சில நூறு சுற்றுக்கு மேலே போவதற்கு முன் எண்ணெய் விடும் வழியைச் சரிபார்க்க வேண்டும். வார்ப்பிரும்புச் சக் அதிவேகத்தில் உடையலாம். மைஃபோர்ட் போன்றவற்றில் சக் ஸ்பிண்டிலின் மூக்கில் திருகிப் பூட்டப்படுகிறது. பின்னோக்கி ஓட விட்டாலும், முன்னோக்கி ஓடும்போது சடாரென நிறுத்தினாலும் அது கழன்று வரும். ஆகவே நிற்கும் நேரத்தை மூன்று நாலு செக்கனாக வைப்பது நல்லது. அதற்கும் குறைத்தால், சக்கின் ஓட்டத்தால் மோட்டரிலிருந்து திரும்பி வரும் மின் பெட்டிக்குள் சேர்ந்து, அது பிழை காட்டி நின்றுவிடவும் கூடும்.

தொடர்மாடியின் பிரச்சினைகள் வேறு. இன்வேர்ட்டரின் வடிகட்டி எப்போதும் கொஞ்சம் மின்னைப் பூமிக்குக் கசிய விடும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் அதைக் கோளாறு என்று நினைத்து விழலாம். அதற்காக எர்த் வயரைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட ஆபத்தான திருத்தம் வேறில்லை. வட்டக் கால் செருகியும் 13 அம்பியர் சதுரக் கால் செருகியும் கலந்து கிடக்கும் வீடுகளில் இடையில் போடும் அடப்டரில் எர்த் சரியாகத் தொடுகிறதா என்று பார்ப்பதும், தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு தனி வழி இழுப்பிப்பதும்தான் திருத்தம். இராச் சாமத்தில் மோட்டர் விசிலடிப்பதாகக் கீழ்வீட்டார் சொன்னால், நறுக்கும் மீடிறனை 4 கிலோஹேர்ட்ஸிலிருந்து 12க்கு ஏற்றலாம். பெட்டி கொஞ்சம் கூடுதலாகச் சுடும். கடற்காற்று இவற்றைவிட நிதானமாகக் கெடுக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் மரைன் டிரைவ் ஓரத்து யன்னல்களில் உப்புப் படியும். அதே உப்பு இன்வேர்ட்டரின் தட்டுகளிலும் படியும். மூடிய பெட்டிக்குள் வைத்தால் வெப்பம் போக வழி வேண்டும், திறந்து வைத்தால் உப்பும் இரும்புச் சீவலும் புகும். சீவல் பறக்காத உயரத்தில், அளவில் பெரிய உலோகப் பெட்டியொன்றில் அடைத்து, பெட்டியின் சுவரே சூட்டை வெளியேற்றும்படி விடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். திறப்பதற்கு முன் மின்னை நிறுத்திப் பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். கொள்ளளவிகளில் ஆபத்தான அளவு மின் அதுவரை தங்கியிருக்கலாம்.

கடைசியாக மின்வெட்டு. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின் இல்லாமல் இருந்த ஊர் இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதில் முழு நாடும் இருண்டது. மின் போகும்போது லேத் தானாக நின்றுவிடும். ஆபத்து அது திரும்பி வரும்போதுதான். சுவிட்சைப் போட்டபடி விட்டுவிட்டு, சக்கில் சாவியைச் செருகி வைத்துக்கொண்டு இருட்டில் நிற்கும் வேளையில் இயந்திரம் தானே ஓடத் தொடங்கக் கூடாது. பழைய மோட்டர்களில் இதற்கென மின் போனதும் விழுந்துவிடும் சுவிட்ச் பூட்டுவார்கள். இன்வேர்ட்டர்களில் இதற்கு ஓர் அமைப்பு எண் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது எந்த நிலையில் இருக்கும் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். ஆகவே எல்லாவற்றையும் பூட்டி முடித்ததும், சக்கில் ஒன்றும் இல்லாமல் லேத்தை ஓட விட்டு, பிரதான சுவிட்சை நிறுத்தி, காட்சித்திரை முழுதாக அணையும்வரை பொறுத்து, மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். நெம்பை நடுநிலைக்குக் கொண்டுவந்து மீண்டும் தள்ளாமல் சக் அசைந்தால், அந்த அமைப்பை மாற்றும்வரை லேத்தில் எந்த வேலையும் ஏற்றக் கூடாது.